கோழி உட்கார்ந்த சீட்டு

சீ! அந்த வண்டியைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் முதலில் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். பதினோரு வருஷம் கோழிகள் குடியிருந்த வண்டி அது.

பார்ப்பதற்கும் முட்டை மாதிரிதான் இருக்கும். மூன்றே சக்கரம். பக்கவாட்டில் கதவே கிடையாது, மூஞ்சிதான் கதவு. அலமாரியைத் திறப்பதுபோல முன்பக்கத்தை அப்படியே இழுத்துத் திறந்தால் ஸ்டியரிங்கும் கதவோடு சேர்ந்து விலகிக்கொள்ளும். உள்ளே இரண்டு பேர் உட்கார ஒரே ஒரு நீளச் சீட்டு. தலைக்கு மேலே சுருட்டி மடக்கும் துணிக்கூரை. ரிவர்ஸ் கியர் இல்லை, பின்னால் போக வேண்டுமென்றால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். இப்படி ஒரு கண்றாவியை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, அதைக் கோழிகளுக்கு விட்டுக்கொடுத்தவன் எவனோ! தின்றது, தூங்கியது, முட்டையிட்டது, செத்தது எல்லாவற்றையும் கோழிகள் அந்தச் சீட்டிலேயே முடித்திருந்தன.

அது வந்து சேர்ந்த இடம்தான் வேடிக்கை. மூக்கம்மாவின் வீடு!

மூக்கம்மா என்பது ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். ஆபரேஷன் அறைக்குப் போகும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, நீராவியில் வேகவைத்து, பொட்டலம் கட்டி அனுப்பும் பிரிவுக்கு அவள்தான் தலைவி. வராந்தாவின் அந்தக் கோடியில் ஒருவன் சரியாகக் கை கழுவாமல் வந்தால் இந்தக் கோடியில் அவள் மூக்கு சுளிக்கும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு டேப் ஒட்டுவார்கள். கழுவியவர் அதில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் அது உன் பொருள், அதில் ஒரு துளி அழுக்கு இருந்தாலும் நீதான் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்து இல்லாத பொட்டலம் அநாதை. இருபத்தாறு வருஷத்தில் அவள் கையெழுத்துப் போட்ட பொட்டலம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்பவர்கள் அவரை 'மேல்கீழ்' என்று கூப்பிடுவார்கள். ஒரு கோழிப்பண்ணையில் சாமான் ஏற்றும் லிஃப்டைப் பழுதுபார்க்கப் போன மனுஷன், மூலையில் கிடந்த இந்த வண்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பண்ணைக்காரர் "எடுத்துட்டுப் போங்க சார், கோழிக்கு வேற எடம் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

"எவ்வளவு அழகு பாத்தியா?" என்றார், வண்டியை வாசலில் இறக்கிவிட்டு.

"உங்க கண்ணுல என்ன? அங்கயும் கோழி எச்சமா?"

"கழுவிட்டேன்மா."

"எதால? நாக்காலயா?"

"சீட்டு மட்டும் அப்படியே விட்டுட்டேன். அது ஒரிஜினல். பழைய வண்டிக்காரங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, ஒரிஜினலை மாத்தக் கூடாது."

"எச்சமும் ஒரிஜினலா?"

அவர் யோசித்தார். அந்த ஒரு நிமிஷ யோசனைதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வண்டியைக் கீழ்த்தள அறையில் வைத்தார். எட்டு மாதம் அதோடுதான் குடித்தனம். எஞ்சினைப் பிரித்துத் துடைத்து மாட்டினார், ஒயர்களை மாற்றினார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எஞ்சினும் பொட்பொட்டென்று ஓடத்தான் செய்தது. ஆனால் நாற்றம்? வெயில் ஏற ஏற, ஈரமும் எச்சமும் ஊறிப்போன அந்தச் சீட்டின் நெடி மாடிப்படி ஏறிப் படுக்கையறை வரை வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் குமட்டியது. ஒருநாள் பொறுக்க முடியாமல் அவள் ஆஸ்பத்திரியில் காலாவதியாகிக் கழித்துப்போட்ட டேப் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து, வண்டியின் துணிக்கூரையை ஓரம் விடாமல் இறுக்கி ஒட்டிவிட்டாள். கையெழுத்துப் போடவில்லை. அந்தச் சனியனுக்கு அவள் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மேல்கீழ் மாட்டிக்கொண்டார். எப்போதும் வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளி அறைக்குள் விடுகிறவர், அன்று சோம்பல்பட்டு நேராக ஓட்டி, மூஞ்சியைச் சுவரில் முட்டுகிற மாதிரி நிறுத்திவிட்டார். மூஞ்சிதானே கதவு! திறக்க இடமில்லை. பின்னால் எடுக்கக் கியரும் இல்லை. கூரை வழியாக ஏறி வரலாமென்றால் அதைத்தான் இவள் ஒட்டி வைத்திருக்கிறாளே. ஒன்றரை மணி நேரம் ஹார்ன் அடித்தார். இவர் விளையாடுகிறார் என்று நினைத்து அவள் மாடியில் சன்னலைச் சாத்திக்கொண்டாள். கடைசியில் இறங்கி வந்து பார்த்தால், பின் கண்ணாடியில் வேர்த்து வெளுத்த முகம். அப்போதும் அவள் உடனே இழுக்கவில்லை. மறுபடி மேலே போய் இரண்டு ஜோடி கையுறையை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு வந்துதான் வண்டியைப் பின்னால் இழுத்தாள். வெளியே வந்தவர்மேல் அடித்த நாற்றத்தில் அவருக்கு அன்று படுக்கை வராந்தாவில்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளுடைய அக்கா விஷயம் வந்ததும்தான் பொறுமை போய்விட்டது.

அக்கா கோர்ட்டில் சுருக்கெழுத்து எடுத்தவள். ஊரார் பேச்சையெல்லாம் முப்பது வருஷம் வாயைத் திறக்காமல் எழுதியதற்கு வட்டியும் முதலுமாக வீட்டில் பேசித் தீர்ப்பவள். கோர்ட் படியில் விழுந்து முழங்கால் நொறுங்கியதில், டாக்டர்கள் உள்ளே கம்பி வைத்து மூட்டைச் சேர்த்துவிட்டார்கள். இனி அந்தக் கால் மடங்காது. ஆயுசுக்கும் நீட்டியபடிதான். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு விடுதியில் இருந்தாள். நான்கு மாதத்துக்கு முன் மூக்குக்கண்ணாடி மாற்றுவதற்காக ஒரு டாக்சியில் ஏறப் போனாள். நீட்டிய காலோடு பக்கக் கதவு வழியாக எப்படி நுழைவது? இரண்டு ஆட்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, பின் சீட்டில் படுக்கைவாட்டில் தள்ளினார்கள். தலை எதிர்க் கதவில் இடித்தது. தெருவே பார்த்தது.

"மூட்டை ஏத்தற மாதிரி ஏத்திட்டாங்கடி" என்று போனில் சொன்னாள். அதுதான் அவள் பேசிய கடைசி நீள வாக்கியம். அதற்கப்புறம் வெளியே வரவே இல்லை. போன் செய்தால் "ம்", "சரி", "ஆச்சு". அந்த "சரி"யைக் கேட்கும்போதெல்லாம் மூக்கம்மா மறுபடி ஒரு தடவை போன் செய்து பார்ப்பாள். அக்கா உள்ளுக்குள்ளேயே அணைந்துகொண்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா நம்ம வீட்டுக்கு வரட்டும். மாடி ஏற முடியாது. கீழ் ரூம் வேணும்" என்றாள் புருஷனிடம்.

"வண்டியை வாசல்ல நிறுத்திக்கறேன்."

"சன்னலுக்கு நேரா அந்த நாத்தத்தை நிறுத்திட்டு, ஆபரேஷன் பண்ணிட்டு வந்தவளை உள்ள படுக்க வைக்கவா? நீங்களே சொல்லுங்க, அக்காவா, கோழி வண்டியா?"

மேல்கீழ் வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அக்காதான்" என்றார். நல்ல மனுஷன்தான், அதைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய இரும்புக்காரருக்கு அவரே போன் செய்தார். சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு.

சனிக்கிழமை ஆம்புலன்ஸ் ஒன்பதரைக்கே வந்துவிட்டது. மூக்கம்மா அறையை நான்காவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள், தரை ஈரம். வண்டி வாசலில், மூஞ்சியைத் திறந்து போட்டபடி நின்றிருந்தது. அக்காவை இறக்கி, கையில் வாக்கரைக் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸ்காரர்கள் போய்விட்டார்கள்.

"ஈரமா இருக்குக்கா, வழுக்கிடும். ரெண்டே நிமிஷம், நாற்காலி எடுத்துட்டு வர்றேன்" என்று மாடிக்கு ஓடினாள்.

நாற்காலியோடு இறங்கி வந்து பார்த்தால், அக்கா வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள்! வாக்கரைப் பிடித்து முதுகைத் திருப்பிக்கொண்டு, நாற்காலியில் உட்காருவதுபோல அந்தச் சீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து, நீட்டிய காலைத் தரையோடு தரையாக மூலைக்குச் சரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, எந்திரிக்கா! அது கோழி உக்காந்த சீட்டு! கிருமி! கால்ல தையல் போட்ட எடம்!"

"கத்தாதடி. நாலு மாசத்துல யாரும் தூக்காம நானா ஏறி உக்காந்த வண்டி இது ஒண்ணுதான்." அக்கா வண்டியருகே நின்றிருந்த மேல்கீழ் பக்கம் திரும்பினாள். "தம்பி, கதவை மூடினா கால் இடிக்குமா?"

மேல்கீழ் குனிந்து பார்த்தார். "நாலு விரக்கடை மிச்சம் இருக்குக்கா."

"அப்ப ஏறுங்க. அவ மூஞ்சியை என்ன பாக்கறீங்க? வண்டி உங்களுதுதானே?"

"இன்னும் அரை மணி நேரத்துக்கு" என்று முனகிக்கொண்டே ஏறினார். அலமாரிக் கதவு மூடியது. பொட்பொட்டென்று வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. மூக்கம்மா கையில் நாற்காலியோடு வாசலில் நின்றாள். அந்த எச்சம், அந்த நெடி, அதில் தன் அக்கா! நினைக்க நினைக்க உமிழ்நீர் கசந்தது.

பழைய இரும்புக்காரர் வேன் கொண்டுவந்து காத்திருந்தார். பத்தேகாலுக்கு வண்டி திரும்பியது. வண்டிக்கு முன்னால் நாற்றம் வந்தது. அது பழைய நாற்றமில்லை. எதிர்வீட்டில் படார் படாரென்று சன்னல்கள் சாத்தின. இரும்புக்காரர் தோளில் கிடந்த துண்டை மூக்கில் கட்டிக்கொண்டார். சீட்டு ஸ்பிரிங்குக்குள் எந்தக் காலத்திலோ ஒரு கோழி இட்டுவிட்டுப் போன முட்டை, அக்கா உட்கார்ந்த கனத்தில் உடைந்திருக்கிறது.

கதவு திறந்தது. மூக்கம்மா வாந்தியை அடக்கிக்கொண்டு பார்த்தாள். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அடியே, கேளு! சிக்னல்ல போலீஸ்காரர் நிறுத்தினார்டி. இது என்ன வண்டி, பேப்பரைக் காட்டுங்கன்னார். நான் சன்னல் கண்ணாடியைத் தள்ளினேன். மனுஷன் ஒரே ஒரு மூச்சு இழுத்தார். 'போங்கம்மா, போங்க, தயவுசெஞ்சு போங்க'ன்னுட்டார்! அப்புறம் மூக்குக்கண்ணாடிக் கடைப் பக்கம் போனோம். திங்கட்கிழமை வர்றேன்னு சொல்லிட்டேன். அந்தக் கடைக்காரன் இருக்கானே, அவன் தலையில புதுசா முடி வெச்சிருக்கான்டி, கோழிக்கூடு மாதிரி..."

பேசிக்கொண்டே போனாள். நான்கு மாதப் பேச்சு. மூக்கம்மா மூச்சை அடக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரும்புக்காரர் இடையில் புகுந்தார். "நேரமாச்சும்மா. இரும்புக்கு ஏது நாத்தம், நான் எடுத்துக்கறேன். ரசீதுல யார் கையெழுத்துப் போடறது?"

மேல்கீழ் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷன், மனசில்லாமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அக்கா சட்டென்று பேச்சை நிறுத்தினாள். வேனைப் பார்த்தாள், அதில் தொங்கிய கொக்கியைப் பார்த்தாள்.

"ஓ" என்றாள். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டு வாக்கரை எட்டிப் பிடித்தாள்.

அந்தச் "சரி"! நாற்றத்தையெல்லாம் தாங்கிய மூக்கம்மாவால் அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியவில்லை.

"பேனாவை உள்ள வைங்க" என்றாள் புருஷனிடம். "ஏங்க, நீங்க கெளம்புங்க. வண்டி போகல" என்றாள் இரும்புக்காரரிடம்.

அக்காவை உள்ளே அழைத்துப் போய் உடம்பு துடைத்து, துணி மாற்றி, தையல் போட்ட இடத்தை மூன்று தடவை பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு ஜோடி கையுறை, முகத்தில் இரட்டைத் துணி. சீட்டை ஸ்பிரிங்கோடு பிடுங்கி வெளியே எறிந்தாள். கீழே இறகு, புழு, மக்கிய வைக்கோல், பச்சையாக ஒழுகும் முட்டைக் கூழ், காய்ந்து தட்டையாகிப் போன ஒரு கோழிக்குஞ்சு. தூ! இரண்டு தடவை ஓரமாகப் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து மறுபடி தேய்த்தாள். மேல்கீழ் ஒரு துணியோடு பக்கத்தில் வந்தார்.

"தொடாதீங்க! நீங்க கழுவின லட்சணத்தைத்தான் பாத்தேனே."

"அந்த சீட்டு ஒரிஜினல்..."

"திங்கட்கிழமைக்குள்ள புது சீட்டு மாட்டுங்க. இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொன்னீங்க, உங்களையும் சேத்து வேகவெச்சிடுவேன்."

சன்னலுக்குள்ளிருந்து அக்கா, "அந்த இடுக்குல தேய்டி, அதோ அங்க. திங்கட்கிழமை நான் அதுலதான் போகணும்" என்று வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். ஓயாத பேச்சு.

சாயங்காலம் கூரையில் ஒட்டியிருந்த டேப்பையெல்லாம் உரித்து எறிந்தாள். துணிக்கூரையைச் சுருட்டிவிட்டு, மூக்கை உள்ளே நீட்டி ஒரு மூச்சு இழுத்தாள். குடலைப் புரட்டியது. இன்னும் போகவில்லை. இன்னும் பத்து தடவை கழுவினாலும் முழுசாகப் போகாது, அது அந்தத் தகரத்துக்குள்ளேயே ஊறிவிட்டது.

கையுறையைக் கழற்றினாள். சுருளில் மிச்சமிருந்த டேப்பில் ஒரு துண்டு கிழித்து, கதவின்மேல் கோணல் இல்லாமல் ஒட்டி நீவினாள். புருஷனிடம் பேனாவுக்குக் கையை நீட்டினாள். தேதியைப் போட்டாள். இருபத்தாறு வருஷத்தில், அழுக்குப் போகாத ஒரு பொருளுக்கு அவள் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை.