நேட்டிவ்னு ஒரு கட்டம்

எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு எவனும் சொல்லிட முடியாது. நகராட்சி நாற்றுப் பண்ணையில எட்டு வருஷமா தற்காலிக வேலை. செடிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுறதே நான்தான். இந்த மண்ணுல தானா முளைச்சதுன்னா ‘நேட்டிவ்’. இங்க தவிர உலகத்துல வேற எங்கயுமே கிடையாதுன்னா ‘எண்டமிக்’. மாத்தி எழுதிட்டா கண்காணிப்பாளர் உண்டு இல்லைன்னு பண்ணிடுவார்.

ஆனா மனுஷங்க கதை வேற. எங்க வீட்டுல ‘நேட்டிவ் எது’ன்னு கேட்டா, தாத்தா மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பி வந்த ஊரைத்தான் சொல்லுவோம். இங்கயே பிறந்து வளர்ந்த நான் அந்த ஊரைக் கண்ணால பார்த்ததுகூட இல்லை.

போன மாசம் அந்த வேலையை நிரந்தரமாக்கி அறிவிப்பு வந்துச்சு. ஒரே ஒரு இடம், உள்ளூர்க்காரங்களுக்கு மட்டும், அனுபவத்துக்கு முன்னுரிமை. எனக்குச் சந்தோஷத்துல தலைகால் புரியலை. விண்ணப்பத்துல பிறந்த இடத்துக்கு ஒரு கட்டம், அதுக்குக் கீழே நேட்டிவ்னு இன்னொரு கட்டம். குழம்பிப் போய் சித்தப்பாகிட்ட ஓடினேன். அப்பா போனதுக்கப்புறம் எங்களுக்கு எல்லாமே அவர்தான். அதுவும் நகராட்சியில விண்ணப்பம் சரிபார்த்தே ஓய்வு பெற்ற மனுஷன்.

“பிறந்த ஊரைத்தான் மேலயே கேட்டுட்டானே, மறுபடியும் அதையேவா கேப்பான்? தாத்தா ஊரைப் போடும்மா,” ன்னார். போட்டேன்.

‘வெளியூர்க்காரர்’னு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிட்டாங்க. வேலை சித்தப்பா பொண்ணுக்கு. என் தங்கச்சிதான், வேர் எது தண்டு எதுன்னு தெரியாதவ. அவ விண்ணப்பம் போட்டதே எனக்குத் தெரியாது! கண்காணிப்பாளர் மனசு கேக்காம அதை எடுத்துக் காட்டினார். நேட்டிவ் கட்டத்துல இந்த ஊர்ப் பேரு, சித்தப்பா கையெழுத்துல.

அப்படியே அவர் வீட்டுக்குப் போனேன். “எனக்கும் அவளுக்கும் ஒரே தாத்தாதானே சித்தப்பா?”

பேப்பர்லேருந்து தலையைத் தூக்கவே இல்லை. “நான் என்ன பொய்யா சொன்னேன்? நாம எல்லாரும் அப்படித்தானே சொல்றோம்?”

“அப்போ அவளுக்கு மட்டும் இந்த ஊரா?”

“நீ எட்டு வருஷ அனுபவத்தோட குறுக்க நின்னா அவளுக்கு எப்படிக் கிடைக்கும்? நானும் பொண்ணைப் பெத்தவன்தானே.”

‘நீயும் என் பொண்ணுதான்’னு சொல்லிச் சொல்லியே வளர்த்த வாய் அது. அந்த வாயை நம்பித்தானே பேனாவை எடுத்தேன், பாவி மனுஷா!

வாசல்ல செருப்பை மாட்டும்போது தங்கச்சி பின்னாடியே வந்தா. முகத்தை நேராப் பார்க்கலை.

“அக்கா, திங்கக்கிழமை முதல் நாள். லேட்டா வந்தா சேர்த்துக்க மாட்டாங்களாமே. எத்தனை மணிக்கு வரணும்?”

“எட்டு மணிக்கு,” ன்னேன்.

நானும் பொய் சொல்லலை. தற்காலிகக்காரங்களுக்கு எட்டு மணிதான். நிரந்தரக்காரங்களுக்குத்தான் ஏழு.