வேரில் வெளுத்த முடிச்சு

பயறு விதைத்து முப்பத்தெட்டாம் நாள், நான் வேலை பார்க்கும் மண் பரிசோதனைக் கூடத்துக்கு அண்ணன் போன் செய்தான். "கீழ் இலையெல்லாம் பழுக்குதும்மா. ஒரு எட்டு வந்து பாரேன்." பயந்துபோய் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

காரணம் இருக்கிறது. அண்ணன் வயல் மண்ணில் உப்பு இல்லை, தாராளமாக விதைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தவள் நான்தான். அந்தத் தாளை நம்பித்தான் அண்ணி வீட்டில் இருக்கிறாள். இரண்டு போகம் கருகியபோதே, "மண்ணு சரியில்லேன்னா சொல்லிடுங்க, வேற ஊரு பாப்போம். பொய் சொல்லி உக்கார வெச்சா, பிள்ளைங்களோட எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று அண்ணனிடம் தீர்த்துச் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

பஸ்ஸில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மண் எடுத்தது பெருமழை பெய்த மறுநாள். மழை உப்பைக் கீழே தள்ளிவிடும். மேல்மண் அன்றைக்கு மட்டும் நல்ல பிள்ளையாக இருக்கும். வெயில் ஏறினால் உப்பு மறுபடி மேலே வந்துவிடும். மழை பெய்தால் பத்து நாள் பொறுங்கள் என்று ஊருக்கெல்லாம் ஓதுகிறவள், சொந்த அண்ணன் பைக்கோடு வாசலில் வந்து நின்றதும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வீட்டுக்குப் பின்னாலேயே வயல். அண்ணன் மட்டும் நின்றான். ஒரு செடியை மண்ணோடு தோண்டி வாளித் தண்ணீரில் அலசினேன். பயற்றின் வேரில் கொத்துக் கொத்தாக முடிச்சுகள் இருக்க வேண்டும். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் நுண்ணுயிர்கள் அவற்றில்தான் குடியிருக்கும். இங்கே கடுகளவில் ஐந்தாறுதான் தேறின. வெட்டிப் பார்த்தால் உள்ளே சிவந்திருக்க வேண்டும். உப்பு அடித்திருந்தால் வெளுத்துக் கிடக்கும். பிளேடை எடுத்தேன். அவசரத்தில் விரலும் சேர்ந்து வெட்டுப்பட்டது.

முடிச்சு வெள்ளை. அடுத்ததும் வெள்ளை.

"அண்ணா, தப்பு என்னோடது" என்றேன். அழுகை வந்துவிட்டது. "மழைக்கு மறுநாள் மண்ணு எடுத்திருக்கவே கூடாது."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியும்மா. போன தடவை நீதானே சொன்னே, மழை விட்டதும் எடுத்தா உப்பு காட்டாதுன்னு. அதனாலதான் அன்னிக்கு வந்தேன்."

என் தப்புக்குப் பயந்துகொண்டு வந்தவளுக்கு, இப்போது இவனைப் பார்த்தே பயமாக இருந்தது. அதற்குள் பின்னால் அண்ணியின் காலடிச் சத்தம்.

"என்னாச்சு? முடிச்சு சிவப்பா இருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் என் கையிலிருந்த வேரைப் பிடுங்கினான். என் விரல் ரத்தம் அதில் தோய்ந்திருந்தது. "பாரேன், எப்படிச் சிவந்திருக்கு" என்று நீட்டினான். சிரிக்க வேறு பார்த்தான்.

அண்ணி வேரைப் பார்த்தாள். பிறகு சொட்டிக்கொண்டிருந்த என் விரலைப் பார்த்தாள். வேரை வாங்கி, வாளியில் முக்கி, துணி அலசுவதுபோல் நன்றாக அலசினாள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

அதை அண்ணன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தாள். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது.