உடம்பு ஒன்று, கொடி இரண்டு

மேடைக் கவிதையில் ஆனந்தமேரிக்குக் கிடைத்த பெயரெல்லாம் கட்டிய புருஷனைக் கேலி செய்து கிடைத்ததுதான். திண்டுக்கல்லில் எந்தக் கவியரங்கம் நடந்தாலும், ஆண் கவிஞர்கள் வரிசையாக எழுந்து தாய்மொழியையும் தலைவரையும் மாறி மாறிப் போற்றி முடிப்பார்கள். கூட்டம் சுண்டல் வாங்கக் கிளம்புகிற நேரம் பார்த்து அவளைக் கூப்பிடுவார்கள். பகலெல்லாம் தட்டச்சு நிலையத்தில் பிள்ளைகளுக்கு விரல் பழக்கிவிட்டு வருகிறவள், மைக்கைப் பிடித்ததும் ஆளே மாறிப்போவாள்.

"நாற்பதடித் தலைவருக்கு
நாள் முழுக்க மூக்கு வரைவார்.
நாலே முக்காலடி நான் போய் நின்றால்
நீ யாரென்று கேட்பார்."

கூட்டம் உட்கார்ந்துவிடும். முதல் வரிசையில் இருக்கும் ஸ்டான்லி, விரலிடுக்கில் பெயிண்டு காயாத கையால் எல்லோருக்கும் முன்னால் தட்டுவார். வீட்டில் அவரிடம் சொல்லிக் காட்டாமல் அவள் எந்த வரியையும் மேடைக்குக் கொண்டுபோனதில்லை. "இதுல என்னைய இன்னும் கொஞ்சம் திட்டலாம் மேரி" என்று அவரே எடுத்துக் கொடுப்பார்.

ஸ்டான்லிக்குத் தொழில் கட்அவுட் வரைவது. அது தொண்ணூறுகளின் கடைசி. ஊருக்குள் மனிதர்களைவிடப் பெரிய மனிதர்கள் சவுக்குக் கம்பில் நின்றுகொண்டிருந்த காலம். ஆளும் கட்சிக்கும் அவர்தான், எதிர்க்கட்சிக்கும் அவர்தான். ஆளும் கட்சியின் நகர நிர்வாகி பொம்மையன் வந்து போன பிறகு எதிர்க்கட்சியின் வேலுசாமி வருவார். இருவருக்கும் ஸ்டான்லி டீ வாங்கிக் கொடுத்துப் பொதுவாகச் சிரித்து அனுப்புவார்.

ஒரு புரட்டாசியில் மாநிலத் தலைவர் வருகிறார் என்று மணிக்கூண்டுப் பக்கம் பந்தல் போட்டார்கள். போன மாதம் வேலுசாமி வைத்த கட்அவுட்டைவிடத் தன்னுடையது ஒரு சாணாவது உயரமாக இருக்க வேண்டும் என்று பொம்மையன் பிடிவாதம் பிடித்தார். தலைவரின் தலைக்கு மேலே கொக்கி போட்டு இழுத்த திருட்டுக் கரண்ட் கம்பி போகிறது என்று ஸ்டான்லி காட்டினார். கொக்கியை எடுக்கச் சொல்லிவிட்டேன், தைரியமாக ஏறு என்றார் பொம்மையன். எடுக்கவும் செய்தார்கள். ஸ்டான்லி மேலே நின்று தலைவருக்குப் புருவம் தீட்டிக்கொண்டிருந்தபோது, மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று பொம்மையனே குரல் கொடுத்தார். கொக்கியைத் திரும்ப மாட்டினார்கள். இரும்புச் சட்டத்தில் கம்பி உரசியது. ஒலிபெருக்கியில் "ஹலோ, ஹலோ" என்று சத்தம் வந்தபோது ஸ்டான்லி கீழே கிடந்தார்.

இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். போலீசுக்குப் பொம்மையன் எழுதிக் கொடுத்த மனுவில் மட்டும் கால் இடறி விழுந்ததாக இருந்தது.

மறுநாள் காலையில் உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியதும் பொம்மையன் ஆட்களோடு வந்து ஸ்டான்லியின் மேல் கட்சிக் கொடியைப் போர்த்தினார். கழகத்துக்காக உயிர் கொடுத்த முதல் ஓவியன் என்று வாசலில் நின்று பேசினார். மதியம் வேலுசாமி வந்தார். ஸ்டான்லி மனதளவில் எப்போதுமே எங்கள் ஆள் என்று சொல்லி, அந்தக் கொடியை மெதுவாக உருவி மடித்து ஓரமாக வைத்துவிட்டுத் தன் கொடியைப் போர்த்தினார். விஷயம் தெரிந்து பொம்மையனின் ஆட்கள் திரும்பி வர, சவப்பெட்டியின் தலைமாட்டில் ஒரு கொடியும் கால்மாட்டில் ஒரு கொடியும் என்று பங்குச் சாமியார்தான் பஞ்சாயத்துச் செய்து கல்லறைத் தோட்டத்துக்கு எடுக்கவைத்தார். ஆனந்தமேரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டால் ஸ்டான்லி விழுந்து விழுந்து சிரிப்பாரே என்றுதான் அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. சொல்வதற்கு ஆள் இல்லை என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. அப்போதுதான் முதல்முறையாக அழுதாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு பொம்மையனும் புலவர் சடையாண்டியும் வீட்டுக்கு வந்தார்கள். புலவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஊரில் எந்தக் கட்சி கவியரங்கம் வைத்தாலும் தலைமை அவர்தான். கட்சி சார்பில் ஸ்டான்லிக்கு வீரவணக்கக் கவியரங்கம் வைப்பதாகவும், அதில் ஆனந்தமேரி பாட வேண்டும் என்றும் சொன்னார்கள். ஸ்டான்லி என்ற பெயருக்கு எதுகை அகப்படவில்லை என்று புலவருக்குத்தான் ஒரே வருத்தம். சாவுக்கு வருந்தியதைவிட அது கூடுதலாகவே இருந்தது. கடைசியில் 'தானிலி' என்று தமிழாக்கி, தான் என்ற அகந்தை இல்லாதவன் என்று பொருளும் கண்டுபிடித்து நோட்டீஸே அடித்துக் கொண்டுவந்திருந்தார். தானிலி யாரென்று தெருவில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

கிளம்பும்போது பொம்மையன், "தங்கச்சி, உருக்கமா இருக்கணும். வழக்கமான கேலியெல்லாம் இந்தத் தடவ வேணாம்" என்றார்.

ஆனந்தமேரி உருக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தாள். ஓவியமே, காவியமே என்று எழுதிப் பார்த்தாள். படித்தபோது யாரோ முன்பின் தெரியாத ஆள் செத்துப்போன மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினாள். எழுதியதை ஸ்டான்லியின் தங்கை அல்போன்சாவிடம் படித்துக் காட்டினாள். அல்போன்சா பாதியிலேயே காதைப் பொத்திக்கொண்டாள்.

"செத்தவனையுமா மதினி விட மாட்டீக?"

"அழுது எழுதுனா அவரு வர மாட்டேங்குறாரு அல்போன்சா. கேலி பண்ணுனாத்தான் வந்து உக்காருறாரு. நான் என்ன செய்ய?"

அல்போன்சா எழுந்து போய்விட்டாள்.

கவியரங்கம் அதே மணிக்கூண்டுப் பக்கம், சாயங்காலம். கூட்டம் நிறைய. கவிஞர்கள் தானிலியை இமயம் என்றார்கள், சிகரம் என்றார்கள். ஒருவர் பழைய தலைவர் ஒருவருக்கு எழுதிய இரங்கற்பாவில் பெயரை மட்டும் மாற்றிப் படித்தார். இடையில் ஸ்டான்லி போகாத சிறைக்குப் போன வரலாறும் வந்துபோனது. பிறகு புலவர் ஒரு வெண்பா சொல்லி ஆனந்தமேரியை அழைத்தார்.

அவள் மைக் முன்னால் நின்றாள். முதல் வரிசையில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு மாலை போட்டிருந்தார்கள். அதைப் பார்க்காமல் ஆரம்பித்தாள். கவியரங்கத்தில் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சொல்வது வழக்கம். அவள் அப்படியே சொன்னாள்.

"உடம்பு ஒன்றுதான் வரைந்து வைத்திருந்தார்.
வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கும்பிட்ட கை.
தேர்தலுக்குத் தேர்தல்
தலையை மட்டும் மாற்றுவார்.
கழுத்து இடிக்காதா என்று கேட்டேன்.
கழுத்து வரைக்கும் எல்லாரும் ஒண்ணுதான்டி என்றார்."

கூட்டம் சிரித்தது. இரங்கல் கூட்டத்தில் சிரிக்கலாமா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தது. பொம்மையனும் சிரித்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"செத்த பிறகுதான் தெரிந்தது
அவர் கதையும் அதுதான் என்று.
உடம்பு ஒன்று, கொடி இரண்டு.
காலையில் ஒன்று போர்த்தினார்கள்,
மதியம் உருவி மற்றொன்று.
நல்லவேளை, மூன்றாம் கட்சிக்கு
நம்மூரில் ஆள் இல்லை.
இருந்திருந்தால் மனுஷன்
புழுக்கத்திலேயே எழுந்து உட்கார்ந்திருப்பார்."

இந்தத் தடவை யாரும் பக்கத்தில் பார்க்கவில்லை. "ஒன்ஸ்மோர்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் திரும்பச் சொல்லாமல் அடுத்ததற்குப் போனாள்.

"இருந்தவரைக்கும் எங்களுக்கு
ஒரே போர்வை.
இழுத்து இழுத்து அவரே போர்த்திக்கொள்வார்.
இப்போது முழுசும் எனக்குத்தான்.
குளிருது."

அந்த வரியை அவளால் இரண்டாம் தடவை சொல்ல முடியவில்லை. சுண்டல்காரர்கூடத் தட்டை இறக்கி வைத்துவிட்டார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மைக்கைத் தட்டினாள்.

"கேக்குதா?"

மேடையில் நிற்பவர் கேட்டால் பதில் சொல்வது ஊர்ப் பழக்கம். "கேக்குது" என்று கூட்டம் கத்தியது.

"நல்லாத்தான் கேட்கிறது.
இதைச் சோதிக்கத்தான் கொக்கி போட்டார்கள்.
மேலே ஒரு ஆள் நிற்பது தெரிந்தேதான் போட்டார்கள்.
போடச் சொன்னவர் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார்.
அவருக்கும் கேட்கிறதா என்று
யாராவது பார்த்துச் சொல்லுங்கள்."

கூட்டம் மொத்தமாக மேடையைப் பார்த்தது. பொம்மையன் தன் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். சாமியானாத் துணிதான் இருந்தது.

அவரைத் தெரிந்தவர்கள், மனிதர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தார்கள். அவர் போகவில்லை. நன்றியுரைக்கு எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, மின்சாரத்தை வைத்து எதிர்க்கட்சிக்காரர்கள் செய்த சதியைத் தங்கை ஆனந்தமேரி தோலுரித்துக் காட்டிவிட்டார் என்றார். சதிகாரன் என் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறான், எனக்கும் தெரியும் என்றார். அதற்கும் கை தட்டினார்கள். அவள் தோளிலும் ஒரு பொன்னாடை விழுந்தது. ஆனந்தமேரிக்கு வந்த ஆத்திரத்தில் சிரிப்புத்தான் வந்தது. மேடையிலேயே சத்தமாகச் சிரித்தாள். அதையும் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் வேலுசாமி வீடு தேடி வந்தார். கவிதையை ஆட்கள் சொல்லக் கேட்டதாகவும், அப்படியே உயிரை உலுக்கிவிட்டதாகவும் சொன்னார். எங்கள் மேடையிலும் அதைச் சொல்ல வேண்டும். கொக்கியை இன்னும் கொஞ்சம் விரித்து, பெயரையே போட்டுச் சொல்லலாம், பாதுகாப்புக்கு நாங்கள் இருக்கிறோம் என்றார்.

"அந்தக் கொடி உருவுனது மட்டும் வேணாம்மா. அது கவிதைக்குப் பொருந்தல."

அதே நாள் சாயங்காலம் பொம்மையனின் ஆள் வந்து வேறு சொன்னான். மாவட்ட மாநாட்டிலும் இதே கவிதையைச் சொல்ல வேண்டுமாம். கொடி உருவியது அருமையாம், கொக்கி மட்டும் வேண்டாமாம். ஒரே கவிதையில் ஆளுக்குப் பாதி கேட்டார்கள். ஆனந்தமேரி இருவருக்கும் சரியென்றே சொல்லி அனுப்பினாள்.

வேலுசாமியின் கூட்டம் முதலில் வந்தது. அவள் கொக்கியைச் சொன்னாள், பெயரோடும் சொன்னாள். மேடையில் இருந்தவர்கள் தொடையில் தட்டி ரசித்தார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் கொடிக்குப் போனாள். "மதியம் வந்தவர் இங்கேதான் இருக்கிறார், உருவின கொடியை அழகாக மடிக்கத் தெரிந்தவர்" என்ற இடத்தில் மைக் அணைந்தது.

அவள் நிறுத்தவில்லை. தொண்டையைத் திறந்து சொன்னாள். ஆனால் அது பத்து வரிசைக்குமேல் போகவில்லை. இரண்டு தடவை சொல்வது வழக்கம்தானே. முன்வரிசைக்காரர்கள் இரண்டாம் தடவையைத் தாங்களே வாங்கிப் பின்னால் திரும்பிச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு அதற்குப் பின்னால் இருந்தவர்கள் சொன்னார்கள். பின்வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது வேறு கவிதை ஆகிவிட்டது. அங்கே வேலுசாமி வேட்டியை உருவிவிட்டதாகக் கேட்டு ஒரே சிரிப்பு. அவர் பிறகு ஊருக்குள் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார் என்பார்கள்.

அத்தோடு இரண்டு கட்சியும் அவளைக் கூப்பிடுவதை நிறுத்தின. மாவட்ட மாநாட்டு அழைப்பிதழில் அவள் பெயர்மேல் தாள் ஒட்டியிருந்தார்கள். புலவர் வருத்தப்பட்டார், அவள் கவிதையில் எதுகை குறைவு என்று தான் முன்பே எண்ணியதாகவும் சொன்னார். பொம்மையன் அடுத்த நகராட்சித் தேர்தலில் நின்று ஜெயித்தார். வேலுசாமி அதற்கடுத்த வருஷம் பொம்மையன் கட்சிக்கே போய்ச் சேர்ந்தார். ஸ்டான்லி வரைந்த அதே கும்பிட்ட உடம்பில் வேறு யாரோ வேலுசாமியின் தலையை வரைந்து ஒட்டினார்கள், கழுத்து இடிக்கவில்லை.

கட்சிகள் விட்டாலும் ஊர் விடவில்லை. அகரத்தில் திருவிழா மேடையில் கேட்டார்கள். மில் தொழிலாளர்கள் சங்கத்தில் கேட்டார்கள். அவளும் ஒவ்வொரு இடத்திலும் முழுசாகவே சொன்னாள். அகரத்துக்கு அல்போன்சா, தானாகவே, ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறி வந்திருந்தாள். கூட்டத்தின் ஓரத்தில் முக்காடு போட்டு நின்றவள், புழுக்கத்தில் எழுந்து உட்காரும் இடத்தில் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய் அழ ஆரம்பித்தாள். பிறகு அவளும் கூடவே வர ஆரம்பித்தாள். பொன்னாடைகளை மடித்து எடுத்துக்கொள்வது அவள் வேலை.

இரண்டாயிரத்து மூன்றில், ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர்கள் சங்கத்து ஆண்டு விழா. பகல் நேரம், கேரளாவுக்குப் போகிற லாரிகளை ஓரங்கட்டி இடம் செய்திருந்தார்கள். ஆனந்தமேரி சொல்லி முடித்துக் கீழே இறங்கியதும், கத்தரிக்காய் மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பழனியம்மாள் என்ற பெண் கிட்டே வந்தாள். முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினாள்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த வூட்டுக்காரரு நெசமாலுமே இருந்தாருங்களா? இல்ல, கவிதைக்காகச் சொல்றதுங்களா?"

அல்போன்சாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனந்தமேரி அவள் கையைப் பிடித்து அமர்த்தினாள். எத்தனையோ மேடையில் அவரை நிறுத்திக் காட்டியாயிற்று. இப்போது அவரையே பாட்டுக்காகக் கட்டிவிட்ட ஆளோ என்று கேட்கிறார்கள். மேடையில் சொன்ன எதையும் சாட்சிக்குக் கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை.

"இருந்தாருங்க," என்றாள். "பயங்கரமாக் கொறட்ட விடுவாரு. அதுல பாதி நாளு எனக்குத் தூக்கமே இல்ல."

"அப்ப நெசந்தானுங்க," என்றாள் பழனியம்மாள். அவள் வீட்டிலும் ஒருத்தர் அப்படித்தான் என்று தொடங்கி, அவர் போன தை மாதம் தவறிப்போனதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல இருவருக்கும் சிரிப்பு வந்தது. அல்போன்சா ஒரு மூட்டையைத் தட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அடுத்த பஸ் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.