சாம்பிள் பெட்டி

டமாரென்று ஒரு சத்தம். பின்னால் வந்த பஸ் டிரைவர் போட்ட பிரேக்கில் திருப்பாலைவனம் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

கங்காதரனின் பைக்கில் கட்டியிருந்த கயிறு அறுந்து, நீல நிற ஐஸ் பெட்டி நடுரோட்டில் இரண்டு குட்டிக்கரணம் அடித்து, பஸ்ஸின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. மூடி திறக்கவில்லை. உள்ளே இருந்த ஐஸ் மட்டும் கடகடவென்று உருண்டு அடங்கியது.

"யோவ், வூட்ல சொல்லிட்டு வந்தியா?" டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஒயுங்கா கட்டத் தெரியலன்னா எதுக்குய்யா லோடு ஏத்துற?"

நாற்பத்து நான்கு வயதில், இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டையோடு, நடுரோட்டில் குனிந்து பெட்டியைத் தூக்க வேண்டி வரும் என்று கங்காதரன் கனவிலும் நினைத்ததில்லை. போன வருஷம்வரை டைல்ஸ் கம்பெனி ஒன்றில் மண்டல மேலாளர். அவனுக்கு கார் இருந்தது. காரிலிருந்து இறங்கினால் லேப்டாப் பையை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது.

பெட்டியை அணைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பஸ் ஜன்னலில் ஒரு தெரிந்த முகம். வேலம்மா. ஊரில் அடுத்த வீட்டுக்காரி, அத்தை முறை. பொன்னேரியில் மீன் விற்றுவிட்டுத் திரும்புகிறாள். அவள் பெட்டியைப் பார்த்தாள். பைக்கின் இருபுறமும் பிதுங்கிக்கொண்டிருந்த பைகளைப் பார்த்தாள். கடைசியாகத்தான் அவனைப் பார்த்தாள். பஸ் நகரும்போது போன் அவள் காதில் இருந்தது.

போச்சு, என்று நினைத்துக்கொண்டான். ஊரில் யாருக்கும் விஷயம் தெரியாது. கூடப் பிறந்த தம்பி லோகேஷுக்குக்கூடத் தெரியாது. பொங்கலுக்கு வரச் சொல்லித் தம்பி கூப்பிட்டபோது லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டான். லீவைத் தவிர வேறு எதுவுமே கையில் இல்லாத சமயம் அது.

போன் அதிர்ந்தது. ஹேமந்த். புதுக் கம்பெனியில் அவனுக்கு மேலதிகாரி. கங்காதரன் சிறந்த மேலாளர் கேடயம் வாங்கிய வருஷம் ஹேமந்த் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்திருப்பான்.

"ப்ரோ, லொகேஷன் ரொம்ப நேரமா ஒரே இடத்துல நிக்குது. அங்க யாரு கஸ்டமர்?"

"டீ குடிக்க நின்னேன்."

"ஓகே ப்ரோ. தப்பா எடுத்துக்காதீங்க, இன்னிக்கு ஒரு ஆர்டராவது வந்தாகணும். சனிக்கிழமை மீட்டிங்ல உங்க பேருக்கு நேரா எதுவும் இல்லன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. ட்ரெய்னிங்ல இருக்கறவங்களத்தான் மொதல்ல வேலைய விட்டு எடுப்பாங்க."

"புரியுது ஹேமந்த்."

நன்றாகவே புரிந்தது. இதே வார்த்தைகளை, இதே மெத்தென்ற குரலில், அவனே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறான். மறுமுனையில் நின்று கேட்பது எப்படி இருக்கும் என்பது மட்டும்தான் அப்போது தெரியாது.

பழவேற்காடு பஜார், தோணிரேவு, சுற்றுவட்டக் குப்பங்கள் எல்லாம் ஏறி இறங்கியாகிவிட்டது. எல்லா இடத்திலும் 'பாக்கலாம்' என்ற ஒரே பதில். பாக்கியிருப்பது கீழக்குப்பம் மட்டும். சொந்த ஊர் என்பதாலேயே கடைசிவரை தள்ளிப்போட்டிருந்தான். இனித் தள்ள இடமில்லை. கயிற்றை நாலு சுற்றாகச் சுற்றிக் கட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

ஊர் முகப்பிலேயே லோகேஷ் நின்றுகொண்டிருந்தான். வழக்கமாக ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறவன் இன்று நின்ற இடத்திலேயே நின்றான். கண் பெட்டி மேல்.

"வாண்ணா. இத்த எங்க எறக்கணும்?"

"கரைக்கு எடுத்துட்டுப் போகணும்."

லோகேஷின் முகம் சட்டென்று தொங்கிப் போனது. வேலம்மாவின் போன் வேலை செய்துவிட்டது என்று கங்காதரன் நினைத்தான். வாய் முந்திக்கொண்டது.

"கம்பெனி வேலையா வந்தேன்டா. சர்வே மாதிரி. கீழ இருக்கற பையனுக்கு ஒடம்பு சரியில்ல, சரின்னு நானே கெளம்பிட்டேன்."

"மேனேஜரே வந்துட்டியா?"

"ஆமா."

"டைல்ஸு கம்பெனில ஐஸ் பொட்டியும் போடுறாங்களா?"

"பெரிய கம்பெனிடா. எல்லாம் போடுவாங்க."

லோகேஷ் வீட்டு வாசலில் நின்ற மனைவி நந்தினியைத் திரும்பிப் பார்த்தான். அவள் டீ கொண்டு வந்து நீட்டினாள். "அக்காவும் புள்ளைங்களும் பின்னால வந்துக்கினு கீறாங்களா மாமா?"

"அவங்க எதுக்கும்மா வரணும்?"

"இல்ல, சும்மா கேட்டேன்." அவள் பைகளை ஒருமுறை கண்ணால் அளந்துவிட்டு உள்ளே போனாள்.

கங்காதரன் டீயை நின்றபடியே விழுங்கினான். உட்காரப் பிடிக்கவில்லை. உட்கார்ந்தால் கேள்வி வரும்.

ஏலக் கொட்டகையில் நல்ல கூட்டம். ஞாயிற்றுக்கிழமை பாடு குலுக்கப் போகிறார்கள். இந்த ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடும் இடங்களுக்கு முறை உண்டு. அதற்குப் பேர்தான் பாடு. கல்யாணமான ஆண்களின் பேரைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு, ஒவ்வொருவராக இறங்குவார்கள். வெளி வேலைக்குப் போகிறவன் பேரை நிறுத்திவிடுவார்கள். மற்றவர்களுக்கு முறை சீக்கிரம் வரும். அவன் திரும்பி வந்து கேட்டால் இல்லையென்று சொல்லவும் முடியாது, மறுபடி சேர்த்தாக வேண்டும். கங்காதரன் பேர் நின்று இருபது வருஷமாயிற்று. அவன் அதை நினைத்துப் பார்த்ததுகூட இல்லை. வலைக் கயிற்றை இழுத்தால் உள்ளங்கை உரிந்துவிடும் ஆள் அவன்.

இப்போது அவன் நினைப்பெல்லாம் பெட்டிதான். அதைக் கொட்டகை நடுவில் வைத்து மூடியைத் திறந்தான்.

"காலைல சென்னையில போட்ட ஐஸ். பாருங்க, அப்படியே இருக்கு. தெர்மாகோல் பொட்டி ரெண்டு மாசத்துல பொடிப் பொடியா உதிரும். இது அஞ்சு வருஷம் உழைக்கும். ரோட்டுல விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது."

"அத்தத்தான் வேலம்மா சொல்லிச்சே," என்று யாரோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"மேல ஏறிக்கூட நிக்கலாம். சிங்காரம், வா, நீ ஏறு."

ஊரிலேயே கனத்த உடம்புக்காரன் சிங்காரம். ஒன்றாம் வகுப்பிலிருந்து கங்காதரனோடு படித்தவன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். "ஒடஞ்சா என் தலையில கட்டிடுவ. வோணாம்பா."

"ஒடையாது, ஏறுடா."

ஏறினான். உடையவில்லை. குதித்தும் காட்டினான். அப்போதும் உடையவில்லை. ஆனால் ஒருவரும் விலை கேட்கவில்லை.

கங்காதரனுக்கு உள்ளே ஏதோ அரிக்க ஆரம்பித்தது. கால் கிலோ நண்டுக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற ஜனம் இது. விலை அதிகம் என்று திட்டலாம், பாதிக்குக் கேட்கலாம், எங்களுக்கு வேண்டாம் எடுத்துப் போ என்று விரட்டலாம். விலையே கேட்காமல் உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம்? மூடியைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். சட்டைப் பையில் போன் அதிர்ந்து ஓய்ந்தது.

ஊர்த் தலைவர் ஆதிகேசவன் ஒரு ஐஸ் கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவனுக்குச் சித்தப்பா முறை. "பொட்டி சோக்காத்தான் கீது. உன் சொந்தத்துக்கு எடுத்தியா?"

"சாம்பிள் சித்தப்பா. காட்டறதுக்கு."

"ம்." அவர் ஐஸைக் கடித்தார். "இந்த வருசம் ராமன் மவனோட சேத்து மூணு பேரு திரும்பிட்டானுங்க. கம்பெனில ஆள கொறச்சிட்டாங்களாம். எல்லாருக்கும் பாடுல பேரு சேத்தாச்சி. இப்ப ஒருத்தனுக்கு மொற வந்துட்டுப் போனா அடுத்தது எப்போன்னே தெரில."

"கஷ்டம்தான் சித்தப்பா. இந்தக் கைப்பிடியப் பாருங்க, ரெண்டு பக்கமும் புடிச்சித் தூக்கலாம்."

ஆளைக் குறைத்த பேச்சு அவனை ஊசியால் குத்தியது போலிருந்தது. தன்னைத்தான் ஜாடையாகக் குத்துகிறார் என்று பட்டது. பேச்சைக் கைப்பிடிக்குத் திருப்பிப் பார்த்தான். சிங்காரம் விடவில்லை.

"ஏம்பா மேனேஜரு, உன் காரு எங்க?"

"சர்வீஸுக்கு விட்டிருக்கேன்."

"மேனேஜருன்னா ஒரு டெம்போ கூடவா தர மாட்டாங்க? பைக்கு பின்னால பொட்டியக் கட்டிக்கினு வர்ற?"

"நடுரோட்ல பொறுக்கிக்கினு இருந்திச்சி, பாவம்," என்றாள் வேலம்மா. கூடையோடு அவளும் வந்து சேர்ந்திருந்தாள். "எனுக்கு மனசே கேக்கல."

அந்தப் 'பாவம்' என்ற சொல்லில்தான் கங்காதரனின் பிடி நழுவியது. மூடியைப் படாரென்று சாத்தினான்.

"கார வித்தாச்சி. போதுமா? வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. நான் மேனேஜரும் இல்ல, சர்வேவும் இல்ல. இந்தப் பொட்டிய ஊர் ஊரா விக்கற ஆளு. எனக்கு மேல இருக்கறவனுக்கு மீசைகூட ஒழுங்கா மொளைக்கல. இன்னிக்கு ஆர்டர் இல்லன்னா சனிக்கிழமையோட இதுவும் போயிடும்."

கரையில் கட்டியிருந்த படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. லோகேஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆதிகேசவன் வாயிலிருந்த ஐஸைத் துப்பினார். "இதுவும் போச்சின்னா இன்னா பண்ணுவ?"

"இன்னா பண்றது? இங்கதான் வரணும்."

பேச்சுவாக்கில், கசப்பில் சொன்ன வார்த்தை. சொல்லிவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதுகுக்குப் பின்னால் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை அவன் கவனிக்கவில்லை.

ஆதிகேசவன் தொண்டையைச் செருமினார். "எனுக்கு ரெண்டு பொட்டி எழுதிக்க."

கங்காதரன் திரும்பினான்.

"எனக்கு ஒண்ணு," என்றான் சிங்காரம். "மச்சானுக்கு ஒண்ணு. அவன் வந்தா நான் சொல்லிக்கிறேன்."

"அட, கூட்டு வலைக்காரங்க பேர்லயும் ஒண்ணு போடுப்பா," என்றார் பின்னால் இருந்து ஒருவர்.

"மீன் கொண்டு போறதுக்குச் சின்ன சைசு கீதா கங்கா?" என்று வேலம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "கீதுன்னா எனுக்கும் குடு. இல்லன்னாலும் பெருசையே குடு."

கங்காதரன் தடுமாறிப் போனான். போனில் ஆர்டர் பதிகிற வேகத்தைவிட அவர்கள் சொல்கிற வேகம் அதிகமாக இருந்தது. விலையைச் சொன்னான். சரி என்றார்கள். தவணை உண்டு என்றான். அதற்கும் சரி என்றார்கள். எத்தனை மாதத்துக்குப் பிறகோ நெஞ்சு நிமிர்ந்தது. கொட்டகைக்கு வெளியே வந்து ஹேமந்துக்குப் போன் போட்டான்.

"ப்ரோ, செம்ம," என்றான் ஹேமந்த். "ஒரே ஊர்லயா? எப்படி ப்ரோ புடிச்சீங்க?"

"கஸ்டமர்கிட்ட உண்மையப் பேசணும் ஹேமந்த். நாம யாருன்னு தெறந்து காட்டிட்டா ஜனங்க நம்மள நம்புவாங்க. நீங்கல்லாம் இன்னும் போகப் போகக் கத்துப்பீங்க."

தன் குரலில் பழைய மண்டல மேலாளர் எட்டிப் பார்த்ததை அவனே ரசித்தான். "சனிக்கிழமை மீட்டிங்ல நீங்க இதப் பத்திப் பேசணும் ப்ரோ," என்றான் ஹேமந்த். பேசலாம் என்றான் கங்காதரன், பெரிய மனது பண்ணி. பேசுவதற்கு இரண்டு வரிகூட மனதில் ஓட ஆரம்பித்துவிட்டது.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று நந்தினி பிடிவாதம் பிடித்தாள். இறால் தொக்கு வைத்திருந்தாள். வந்தபோது காணாத சிரிப்பு இப்போது அவள் முகத்தில் இருந்தது. "நல்லா சாப்புடு மாமா," என்று கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டாள். கங்காதரன் அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். கீழக்குப்பத்தில் விற்ற கதையை வைத்து அடுத்த வாரம் எளாவூர்வரை எந்தெந்தக் கரைக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தான். நின்று போகும் என்று பயந்த வேலை இப்போது அவன் வாயில் வளர்ந்துகொண்டே போனது. லோகேஷ் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கை கழுவியபின் கங்காதரன் போனை எடுத்து ஆர்டர்களை ஒருமுறை சரிபார்த்தான். கடைசியில் லோகேஷ் பேரில் மூன்று பெட்டி இருந்தது. இதை எப்போது சொன்னான்? கூட்டத்தில் காதில் விழுந்ததைத் தானே பதிந்திருக்கிறான் போலிருக்கிறது.

"டேய், இன்னாடா இது? உங்கிட்ட ஏற்கனவே நல்ல பொட்டி ஒண்ணு இருக்கு. இருக்கறது ஒரே ஒரு படகு. மூணு எதுக்கு? அண்ணன்னு பாக்காத, ரெண்ட எடுத்துடறேன்."

"எடுக்காதண்ணா."

"ஏன்டா?"

லோகேஷ் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நந்தினி பாத்திரம் எடுப்பதை நிறுத்திவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

"வோணும்னா நான் இன்னும் ரெண்டு எடுத்துக்கறேண்ணா. எத்தினி பொட்டி வித்தா நீ பாடு கேட்டு இங்க வர மாட்டேன்னு மட்டும் சொல்லு."