ஆமோதித்தவர் பரீனா

"நீங்கள் கை தூக்கினனீங்களோ இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ பரீனாக்கா."

கதவைத் திறந்ததும் சீலா கேட்டது அதைத்தான். அவள் உள்ளே வரவில்லை, செருப்பையும் கழற்றவில்லை. குடியிருப்பாளர் சங்கத்தின் முத்திரை குத்திய கடிதம் ஒன்றை பரீனாவின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்திருந்தாள்.

"என்னத்துக்குக் கை தூக்கின? என்ன கதை இது சீலா?"

"வாசியுங்கோ. உங்கட பேரும் கிடக்கு."

பரீனா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வாசித்தாள். 'பீ' தொகுதியின் வாசலில், பொது நிலத்தில், அனுமதியின்றிக் கட்டப்பட்ட சீமெந்துச் சரிவை ஏழு நாட்களுக்குள் அகற்றுவதென நிர்வாகக் குழு ஏகமனதாகத் தீர்மானித்துள்ளது. பிரேரித்தவர்: தலைவர் மெல்ரோய். ஆமோதித்தவர்: மகளிர் பிரதிநிதி பரீனா.

அந்தச் சரிவு சீலாவின் கணவன் டொமினிக்குக்காகக் கட்டியது. துறைமுகத்தில் இருபது வருடம் மூட்டை சுமந்த மனிதன். சீனி வியாதியில் வலது கால் முழங்காலோடு போய், இப்போது சில்லுக்கதிரையில் இருக்கிறான். வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாசலில் நான்கு படி. அந்த ஆளைக் கதிரையோடு தூக்கி இறக்க சீலாவால் முடியாது. சரிவை உடைத்தால் டொமினிக் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

"அல்லாஹ்வே! நான் இதுக்குக் கை தூக்கல்ல சீலா."

"அப்ப உங்கட பேரைப் பேயோ எழுதினது?"

பரீனா திகதியைப் பார்த்தாள். போன சனிக்கிழமை. அன்று கூட்டமே இல்லை. அன்று பயிற்சி.

தொடர்மாடிச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கென்று கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் வந்து நடத்திய ஒருநாள் பயிற்சி அது. உட்துறைமுக வீதியில் ஒரு மண்டபம். வாசலில் கட்டியிருந்த பதாகையின் மூலையை, அந்த ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று சப்பிக்கொண்டு நின்றது. காலையில், கோரம் என்கிற குறைந்தபட்ச வருகை என்றால் என்ன, கூட்ட அறிக்கை எப்படி எழுதுவது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு சங்கமும் மேடையில் ஒரு மாதிரிக் கூட்டம் நடத்திக் காட்ட வேண்டும் என்றார் பயிற்றுநர்.

"உண்மையான கூட்டம் போலவே நடத்துங்கள். ஏதாவது ஒரு பிரேரணை சொல்லுங்கள், பார்ப்போம்."

மெல்ரோய் யோசிக்கவே இல்லை. "'பீ' தொகுதி வாசலில இருக்கிற சரிவை அகற்ற வேணும்" என்றார்.

"மிக நல்ல உதாரணம்! ஆமோதிப்பவர்?"

குழுவின் மற்ற ஐந்து முகங்களும் பரீனாவின் பக்கம் திரும்பின. அது அந்தச் சங்கத்தின் வழக்கம். அறிக்கையில் ஒரு பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும் என்று எப்போதோ யாரோ சொன்னதிலிருந்து, தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்கும் அவள்தான் ஆமோதிப்பு, தெருநாய் பிடிப்பதற்கும் அவள்தான் ஆமோதிப்பு. ஐந்து வருடப் பழக்கத்தில் அவளுடைய வாய் தன்பாட்டில் "ஆமோதிக்கிறேன்" என்றது. ஆறு கையும் உயர்ந்தன. பயிற்றுநர் கை தட்டினார். பிறகு பிளேன்ரீ, ரோல்ஸ், சான்றிதழ்.

நினைக்க நினைக்க பரீனாவுக்கு உடம்பு கொதித்தது. கடிதத்தையும் பிடித்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினாள். மெல்ரோய் தன் புது வான் வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"மெல்ரோய் அண்ணன், அது பழக்கத்துக்குச் செய்த கூட்டம்தானே? அதை வெச்சா கடிதம் அனுப்பின நீங்க?"

"பழக்கத்துக்கு எண்டு எங்க எழுதிக் கிடக்கு? அறிக்கைப் புத்தகத்தைப் பாருங்கோ. கோரம் சரி. பிரேரணை சரி. ஆமோதிப்பு நீங்கள்."

"எல்லாரும் ரோல்ஸ் தின்னப் போன இடத்தில ஒரு மனிசன்ட வழியை அடைப்பீங்களா?"

"வழியை நான் அடைக்கேல்லை, பொது நிலத்தைத் திறக்கிறன். படியில வையுங்கோ, நாலு பேர் தூக்குவினம்."

"எந்த நாலு பேர்? நீங்க வருவீங்களா தூக்க?"

மெல்ரோய் வானின் கண்ணாடியில் இல்லாத அழுக்கைத் துடைத்தார். சரிவுக்கும் மதிலுக்கும் இடையில்தான் நல்ல நிழல். சரிவு போனால் வான் அங்கே அளவாக நிற்கும். அது அந்தத் தொடர்மாடியில் குழந்தைக்கும் தெரியும்.

"அப்ப நான் கையை இறக்குறன். என்ட ஆமோதிப்பு வேணாம்."

"ஏலாது பரீனா. நிறைவேறின தீர்மானத்தைத் திருப்புறதுக்கு பதினாலு நாள் முன்னறிவித்தல் வேணும். பயிற்சியில சொன்னவைதானே. நித்திரையோ கொண்டனீங்கள்?"

பதினான்கு நாள். சரிவை உடைக்க ஏழு நாள். கணக்குப் பார்த்துத்தான் வேலை செய்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து சான்றிதழின் அடியில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தாள். பயிற்றுநரே எடுத்தார்.

"அது பயிற்சிதானே மேடம். அதை யாரும் நடைமுறைப்படுத்த மாட்டார்களே."

"படுத்தியாச்சு. அதைத்தான் சொல்றன். நீங்க ஒரு கடிதம் தாங்க, அது விளையாட்டுக் கூட்டம் எண்டு."

"அப்படிக் கடிதம் தருவதற்கு எங்களுக்கு ஏற்பாடு இல்லை. உங்கள் மாவட்டத்துக்கான வேலைத்திட்டமும் முடிந்துவிட்டது. கருத்துப் படிவத்தில் எழுதி அனுப்புங்கள்."

"கருத்தா? என்ட கருத்தைச் சொன்னா உங்கட காது பொசுங்கும்!"

அதற்குள் அழைப்பு நின்றுவிட்டது.

செயலாளர் அஸ்ஹான் இரண்டாம் மாடியில் இருந்தான். மாவட்டச் செயலகமான கச்சேரியில் வேலை செய்பவன், சண்டை என்றால் ஆகாதவன். அவனிடம் போய் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"ஏன் மகன் அதைப் புத்தகத்தில எழுதின?"

"உண்மையான கூட்டம் மாதிரியே செய்யச் சொன்னாங்க மாமி. புத்தகம் எப்பவும் பைக்குள்ள கிடக்கும். எடுத்து எழுதினன். அறிக்கை வடிவா இருக்கெண்டு பயிற்சி தந்தவர் எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாரு."

"மாதிரிக் கூட்டம் எண்டு மேல போட்டியா?"

"போடல்ல." அவன் தலை குனிந்தது. "பிழைதான் மாமி. தலைவர் கடிதத்துக்குக் கையெழுத்துக் கேட்டப்பதான் எனக்கே விளங்கிச்சு."

"விளங்கியுமா கையெழுத்துப் போட்ட?"

பரீனாவுக்கு அவனை நாலு வார்த்தை ஏச வேண்டும் போலிருந்தது. ஆனால் விளங்காமலே பெயர் கொடுத்தவள் அவள். அதுவும் ஐந்து வருடமாக.

ஞாயிற்றுக்கிழமை மாதக் கூட்டம். ஏழு நாள் தவணை மறுநாள் காலையோடு முடிகிறது. சரிவை உடைக்க லிங்கநகரிலிருந்து மேசனையும் வரச் சொல்லிவிட்டார் மெல்ரோய். 'ஏ' தொகுதியின் கீழே ஒரு மேசையையும் ஆறு பிளாஸ்டிக் கதிரைகளையும் போட்டு உட்கார்ந்தார்கள். அஸ்ஹான் போன மாத அறிக்கையை வாசித்து முடித்துவிட்டு, பக்கத்தைத் திருப்பி, அந்தச் சனிக்கிழமை அறிக்கையையும் வாசித்தான்.

"சரி. இரண்டு அறிக்கையும் உறுதிப்படுத்துவம்" என்றார் மெல்ரோய். "நான் பிரேரிக்கிறன். ஆமோதிக்கிறது?"

வழக்கம்போல எல்லாரும் பரீனாவைப் பார்த்தார்கள். அவள் அஸ்ஹானின் கையில் இருந்த புத்தகத்தையே பார்த்தாள். மெல்ரோய் பேனாவால் மேசையைத் தட்டினார்.

"பரீனா?"

"முதலாவதை ஆமோதிக்கிறன். ரெண்டாவதை ஏலாது."

"அப்ப வேற ஆராவது. ஸைனுலாப்தீன் நானா?"

உப தலைவர் ஸைனுலாப்தீன் தொப்பியைச் சரிசெய்தார். "என்ட பேரைப் போடாதீங்க தம்பி. நாளைக்கு அந்தப் பிள்ளை சீலாட முகத்தில முழிக்கணும்."

"அண்டைக்குக் கை தூக்கேக்க முகம் இருக்கேல்லையோ?"

"பழகச் சொன்னதுக்குத்தானே தூக்கின!"

மற்ற இரண்டு உறுப்பினர்களும் அதற்குத் தலையாட்டினார்கள். மெல்ரோய் எழுந்தார். கழுத்து சிவந்துவிட்டது.

"சான்றிதழ் வாங்கேக்க பல்லைக் காட்டிக்கொண்டு படம் எடுத்தனீங்கள். இப்ப பழக்கமாம்! நாங்கள் என்ன சின்னப்பிள்ளையளோ, கையைத் தூக்கிப் போட்டு இல்லை எண்டு சொல்ல? சங்கத்துக்கு ஒரு ஒழுங்கு வேண்டாமோ?"

"ஒழுங்கா?" பரீனாவும் எழுந்தாள். கதிரை பின்னால் விழுந்தது. "வான் நிப்பாட்ட, கால் இல்லாத மனிசன்ட பாதையை உடைக்கிறதா ஒழுங்கு? கேட்டிருந்தா நாங்க ஒருத்தரும் தரமாட்டம் எண்டு உங்களுக்குத் தெரியும். அதான் கேக்காம எடுத்தீங்க. படிப்பிக்கக் கூப்பிட்ட இடத்தில களவெடுத்தீங்க! அஞ்சு பேர்ட கையைக் களவெடுத்தீங்க!"

"வார்த்தையை அளந்து கதையுங்கோ."

"அளந்து அளந்து கதைச்சுத்தான் அஞ்சு வருசம் ஒண்டும் கேக்காம ஆமோதிச்சன். இது இன்னும் உறுதிப்படுத்தாத அறிக்கை, திருத்தப் பதினாலு நாள் வேணாம். அஸ்ஹான், பேனையை எடு. எழுது. சனிக்கிழமை நடந்தது பயிற்சி. அதில எடுத்த தீர்மானம் பொய். பரீனா விளங்காமக் கை தூக்கினவ. அப்படியே எழுது, என்ட பேரோட."

"எழுதாத அஸ்ஹான்" என்றார் மெல்ரோய்.

அஸ்ஹான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அந்தப் பக்கத்தின் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, கீழே எழுதத் தொடங்கினான். ஸைனுலாப்தீன் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். மற்ற இருவரும் பரீனாவும் போட்டார்கள். மெல்ரோய் முத்திரையைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பாப்பம், எவ்வளவு நாளைக்கு எண்டு" என்று சொல்லிவிட்டு நடந்தார். போகிற வழியிலேயே மேசனிடம் தொலைபேசியில், வர வேண்டாம் என்று கத்துவது கேட்டது.

பரீனா நேரே 'பீ' தொகுதிக்குப் போனாள். சரிவில் ஏறித்தான் போனாள். சீலா கதவை அரைவாசி திறந்தாள். உள்ளே டொமினிக்கின் கதிரைச் சில்லு சீமெந்துத் தரையில் உரசியது.

"உடைக்க மாட்டாங்க சீலா. புத்தகத்திலேயே வெட்டியாச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"அடுத்த கூட்டத்தில?"

"அடுத்த கூட்டத்திலயும் நான் இருப்பன்தானே."

"அண்டைக்கும் இருந்தனீங்கள்தானே அக்கா."

பரீனாவின் கோபத்துக்கு இப்போது போக இடமில்லை. மெல்ரோயின் மேல் எறிந்ததெல்லாம் திரும்பி வந்து அவள் மேலேயே விழுந்தது.

"உள்ளுக்கு வரட்டா? டொமினிக்கிட்ட நானே சொல்றன்."

"வேண்டாம். அவர் சாப்பிடுறார்" என்றாள் சீலா.

கதவு மெதுவாகத்தான் மூடியது.