பெக்ஸாத் கடித்து வைத்த ஓடு

அதற்குள் பாத்திஷ் பெரியம்மா இரண்டாவதையும் வாயில் போட்டுக்கொண்டுவிட்டாள்.

'திங்காதீங்க' என்று சொல்லத்தான் இன்கார் வாயெடுத்தாள். டீ கெட்டிலைப் பிடித்தபடி மேசையின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். இனிப்புத் தட்டு கை மாறி, கை மாறிப் போய்க்கொண்டிருந்தது. அக்ரூட் கொட்டை போலவே இருக்கும் இனிப்பு அது. இரும்பு அச்சில் சுட்ட இரண்டு பாதி ஓடுகள், நடுவில் டப்பாவோடு வேகவைத்துப் பழுப்பாக்கிய டின் பால். அந்த அடுக்குமாடிப் படிக்கட்டில் மேலும் கீழுமாகக் குடியிருக்கும் பெண்கள் அத்தனை பேரும் தின்றுகொண்டிருந்தார்கள்.

சற்று முன்புதான் அவள் தேநீருக்குப் பால் எடுக்கச் சமையலறைக்குப் போயிருந்தாள். ஜன்னல் திட்டில் அந்தச் சின்ன சாசர் காலியாக இருந்தது. அதை மூடியிருந்த துணி மாவுப் பலகைக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. துணியின் ஓரத்தில் அம்மா தைத்திருந்த சிவப்பு நூலைப் பார்த்த பிறகுதான், தான் எதை நொறுக்கினோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் நொறுக்கியது அண்ணன் பெக்ஸாத் கடித்து வைத்துவிட்டுப் போன ஓட்டைத்தான்.

இலையுதிர் காலத்தில் பெக்ஸாத் பட்டாளத்துக்குக் கிளம்பினான். வாசலில் அம்மா வட்ட ரொட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள். வீட்டை விட்டுத் தூரம் போகிற பிள்ளை ரொட்டியில் ஒரு கடி கடித்து, மிச்சத்தை வைத்துவிட்டுப் போக வேண்டும். அது வீட்டில் அவனுக்காகக் காத்திருக்கும். திரும்பி வந்து அவனே அதைத் தின்று முடிக்க வேண்டும். வேறு யார் வாயும் அதில் படக்கூடாது.

பெக்ஸாத் ரொட்டியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "ரொட்டியை நினைச்சு எவன்மா ஏங்குவான்? பட்டாளத்துல குடுக்கறதே அதைத்தான்" என்றான். பூட்ஸ் காலோடு சமையலறைக்குள் போனான். அன்றைக்கும் அடுப்பில் அச்சு காய்ந்துகொண்டிருந்தது. சுட்டெடுத்த ஓடு ஒன்றை எடுத்து ஒரு கடி கடித்தான், நாக்கைச் சுட்டுக்கொண்டு குதித்தான். மிச்சத்தை அம்மா கையில் வைத்தான். "நான் வந்ததும் இதுல பாலை ரொப்பிக் குடு. இதுக்காகவாவது வந்துடுவேன்."

"சகுனத்தோட விளையாடாதேடா, கழுதை!" அம்மா அவன் முதுகில் துணியால் அடித்தாள். ஆனால் கடித்தது கடித்ததுதான். அதைத் திருப்ப முடியாது. அவன் முன்பல் ஒன்று சின்ன வயதிலேயே மூலை உடைந்தது. கடித்த இடத்தில் அந்த உடைசல் ஒரு சின்ன மேடாக நின்றது. அம்மா அதை சாசரில் வைத்து, துணி மூடி, கண்ணாடி அலமாரியில் நல்ல தேநீர்க் கிண்ணங்களுக்கு நடுவே வைத்தாள். தினமும் ஒரு தடவை துணியைத் தூக்கிப் பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டாளத்துப் பையன்களுக்கு போன் கொடுப்பார்கள். அவனும் பேசிக்கொண்டுதான் இருந்தான். பனி கொட்ட ஆரம்பித்த பிறகு ஞாயிறுகள் போன் வராமலே கழிந்தன. அம்மா குளிக்கப் போனாலும் போனை எடுத்துக்கொண்டு போனாள். அப்பா ரயில் வேலைக்குப் போய்விட்ட ஒரு காலையில், "நாலு பேரை டீக்குக் கூப்பிடலாம். பாத்திஷ் அக்கா கையேந்தி துவா கேட்டா பலிக்கும்" என்றாள். என்ன இனிப்பு என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவனுக்குப் பிடித்ததுதான்.

விருந்துக்காக அலமாரியிலிருந்த கிண்ணங்களை எல்லாம் இறக்கியபோது, சாசரையும் இறக்கிச் சமையலறை ஜன்னல் திட்டில் வைத்தது அம்மா. உடைந்த ஓடுகள் இருந்த சாசர்களும் அங்கேதான் இருந்தன, அதே போன்ற துணி மூடி.

டின்னைக் காய்ச்சியது இன்கார். பானையில் தண்ணீர் டின்னுக்கு மேலே நிற்க வேண்டும், மணிக்கணக்காகக் கொதிக்க வேண்டும். ஒரு தடவை பெக்ஸாத் பானையை வைத்துவிட்டுப் பந்து விளையாடப் போய்விட்டான். தண்ணீர் வற்றி டின் வெடித்தது. அடுப்புக்கு மேலே கூரையில் அந்தப் பழுப்புக் கறை இன்னும் இருக்கிறது. அம்மா அதன்மேல் சுண்ணாம்பு அடிக்கவும் விடவில்லை. அந்தக் கறையை அண்ணாந்து பார்த்துப் பார்த்தே இன்காருக்கு பயம். சீக்கிரமே இறக்கிவிட்டாள். திறந்தால் பால் இறுகவே இல்லை.

குல்யாஷ் சித்தி எட்டிப் பார்த்தாள். சித்தப்பாவின் மனைவி, எதிர் வீடு. "என்னடி இது, மூக்கு ஒழுகற மாதிரி ஒழுகுது? இதை ரொப்பினா விருந்தாளி முழங்கை வரைக்கும் நக்கணும். உடைஞ்ச ஓட்டையெல்லாம் நொறுக்கிக் கொட்டு, கெட்டியாயிடும்."

எல்லா வீட்டிலும் செய்வதுதான். வாசல் மணி அடித்தது. இன்கார் கைக்கு எட்டிய சாசர்களை எல்லாம் பலகையில் கவிழ்த்து, மாவு உருட்டும் கட்டையால் நசுக்கினாள். ஒன்று மட்டும் மசியவில்லை. கட்டையை நிமிர்த்தி, அதன் முனையால் குத்தினாள். அது பொடிந்தது. பொடி முழுவதையும் பாலில் கொட்டிக் கிளறி ஓடுகளில் ரொப்பினாள்.

இப்போது மேசையருகே மென்றுகொண்டிருந்த பாத்திஷ் பெரியம்மாவின் தாடை நின்றது. விரலை வாய்க்குள் விட்டுத் துழாவினாள்.

"என்னமோ கல்லு மாதிரி நறநறங்குது."

"கட்டின பல்லு கழண்டிருக்கும் அக்கா, நல்லாப் பாருங்க" என்றாள் சித்தி.

"உன் நாக்கு கழண்டு விழட்டும். பல்லு இருக்கு." பெரியம்மா அதை விரல் நுனியில் வைத்துப் பார்த்தாள். பழுப்பாக ஒரு துணுக்கு. "ஓடுதான். ரொம்பக் காய்ஞ்சு போச்சு." திரும்பவும் வாயில் போட்டு மென்று விழுங்கினாள். உணவைத் துப்புகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

அந்த நேரத்தில் இன்காருக்கு பயம்கூடத் தெரியவில்லை. பனியில் ரொம்ப நேரம் நின்ற கால் போல உடம்பு இருந்தது. கால் இருக்கிறது, ஆனால் தன்னுடையதாக இல்லை. பெரியம்மா நீட்டிய கிண்ணத்தை வாங்கி ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

எல்லாரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள்.

கிண்ணத்தில் தேநீர் விளிம்பு வரை நின்றது. விருந்தாளிக்குப் பாதிக்கும் கீழேதான் ஊற்றுவார்கள். திரும்பத் திரும்ப வாங்கட்டும், இன்னும் உட்காரட்டும் என்று. முழுக்க ஊற்றினால் குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம்.

"என்னடியம்மா, எங்களை எழுந்து போகச் சொல்றியா?" என்றாள் பெரியம்மா.

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "இன்கார்! கண்ணு எங்க இருக்கு உனக்கு?"

"விடுக்கா, அவ வயசுல நமக்கு மட்டும் கண்ணு கெட்டில் மேலயா இருந்துச்சு?" சித்தி அந்தக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "என்னைப் போகச் சொல்றா போலிருக்கு. பத்தடி நடந்தா என் வீடு. எனக்கு வெக்கம் கிடையாது, குடிச்சுட்டு இங்கேயேதான் இருப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். இன்காரின் உதடும் சிரித்தது. யாரோ அவளுக்குப் பதிலாகச் சிரிப்பது போலிருந்தது.

பிறகு பெரியம்மா இரண்டு உள்ளங்கையையும் விரித்தாள். மற்றவர்களும் விரித்தார்கள்.

"போன பிள்ளை போன வழியே திரும்பட்டும். அவன் தலைக்கு வர்றது தொப்பியோட போகட்டும். வச்சுட்டுப் போனதை அவனே வந்து சாப்பிடட்டும்."

"ஆமீன்" என்று எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அம்மா மட்டும் கையை முகத்திலேயே வைத்திருந்தாள். இன்காரும் தடவிக்கொண்டாள். அவள் உள்ளங்கையில் டின் பால் வாசனை அடித்தது.

விருந்து முடிந்து யாரும் வெறுங்கையோடு போகக்கூடாது. மேசையில் மீந்த இனிப்பைப் பைகளில் போட்டு அம்மா ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். "பேரப் பிள்ளைங்களுக்குக் குடுங்க. வீட்டுல இருக்கறவங்க வாயிலயும் படட்டும்."

"அம்மா, கொஞ்சம் வச்சுக்கலாமே" என்றாள் இன்கார்.

"விருந்துக்கு வச்சதுல பங்கு கேட்டா வீட்டுல பரக்கத்தும் செழிப்பும் தங்காது. வாயை மூடு."

பைகள் மாடியேறின, மாடியிறங்கின. கதவுகள் திறந்து மூடும் சத்தம் ஒவ்வொரு தளத்திலும் கேட்டது. தட்டில் கடைசியாக இருந்த ஒன்றை அவள் ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஏன் என்று யோசிக்கவில்லை. அதிலும் அவன் ஓட்டின் ஒரு துணுக்காவது இருக்கும்.

அம்மா முன்னறையில் மேசைத் துணியை உதறிக்கொண்டே குரல் கொடுத்தாள். "அண்ணனோட சாசரை அலமாரியில வச்சிடு. பாத்து எடு."

"சரிம்மா."

சொல்லிவிடலாம் என்றுதான் ஓர் அடி எடுத்து வைத்தாள். அம்மா மேசைத் துணியை மடித்தபடி எதையோ மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு பாட்டு வருவதை இன்கார் அப்போதுதான் கவனித்தாள். எடுத்து வைத்த காலைத் திரும்பப் பின்னால் வைத்தாள்.

சமையலறையில் ஜோடி சேராமல் ஓர் ஓடு மீந்திருந்தது. அதை எடுத்துக் கடித்தாள். அவள் பல் வரிசையானது. கடித்த இடம் வழவழவென்று வளைந்திருந்தது. அவனுடையதைப் போல மேடு இல்லை. நகத்தால் சுரண்டி ஒரு மேட்டை வரவழைத்தாள். ஓடு புதிதாக, வெளுப்பாக இருந்தது. விரலில் பிடித்து அடுப்புத் தீயில் காட்டினாள். நிறம் ஏறியது. தோல் கருகும் வாடை வந்த பிறகுதான் விரலும் தீயில் இருப்பது தெரிந்தது. வலிக்கவில்லை. விரலைக் குழாயில் காட்டிவிட்டு, ஓட்டை சாசரில் வைத்துத் துணியால் மூடினாள். சிவப்பு நூல் முன்பக்கம் தெரியும்படி திருப்பினாள்.

வாயில் மிச்சமிருந்த துண்டை விழுங்கினாள். கடித்தவர் திரும்பி வந்து தின்னும்வரை அது காத்திருக்கும். இது இப்போது யாருக்காகக் காத்திருக்கிறது? எங்கேயும் போகாத அவளுக்காகவா?

சாசரை அலமாரியில் வைத்தாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து வழக்கம் போலத் துணியின் மூலையைப் பிடித்தாள். அந்த நேரம் போன் அடித்தது.

ஞாயிறுகூட இல்லை. அம்மா பார்த்தாள், தெரியாத எண். விசும்பியபடி ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"அம்மா? யாரும்மா அழறது? நான் செத்துட்டேன்னு எவனாவது சொன்னானா?"

"வாயைக் கழுவுடா!" அம்மா அழுதுகொண்டே திட்டினாள். "எங்கடா போயிருந்த? சாப்பிட்டியா? காலுறை கம்பளிதானே போட்டிருக்க?"

"போட்டிருக்கேன், போட்டிருக்கேன். போனைப் பிடுங்கி வச்சிருந்தாங்கம்மா. இது ஓசி போன், சீக்கிரம் பேசணும். எங்களை மலைப் பக்கம் மாத்தறாங்க. நாளைக்கே கிளம்பறோம். அங்க டவர் கிடையாதாம். கொஞ்ச நாளைக்குப் பேச முடியாது."

"எந்த மலை? எதுக்கு?"

"எனக்கு எங்கம்மா சொல்றாங்க? ஏறுன்னா ஏறணும், அவ்வளவுதான்." பின்னால் யாரோ அவசரப்படுத்தினார்கள். "பூசணிக்கா இருக்காளா? அவகிட்ட குடு."

அம்மா போனை நீட்டினாள். இன்கார் வாங்கினாள். கருகிய விரலில் போன் பட்டது. அப்போதுதான் முதல் தடவையாக வலித்தது.

"ஏய் பூசணி, டின்னு கின்னு வெடிக்கலையே?"

"இல்லண்ணா."

"குரல் ஏன் இப்படி இருக்கு? சரி, கேளு. பசங்ககிட்ட என் ஓட்டைப் பத்திச் சொன்னேன். எல்லாரும் ரொட்டி கடிச்சுட்டு வந்தவனுங்க, சிரிக்கறானுங்க. இந்நேரம் எலி தின்னிருக்கும்னு ஒருத்தன். உன் தங்கச்சியே தின்னிருப்பான்னு இன்னொருத்தன்." அவனும் சிரித்தான். பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. "அம்மாகிட்ட கேட்டா எப்படியும் இருக்குன்னுதான் சொல்லுவா. அதான் உன்கிட்ட கேக்கறேன். நீ பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும்."

அலமாரிக்குப் பக்கத்தில் அம்மா துணியின் மூலையைப் பிடித்தபடியே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்வெட்டர் பைக்குள் அந்தக் கடைசி இனிப்பு நசுங்கி, பால் துணியில் ஊறிக்கொண்டிருந்தது.

"அது இருக்குல்ல, இன்கார்?"