ஒரே தப்பு, பதினேழு தடவை

லிஃப்ட் அக்கா என்ற பெயர் அவளுக்கு வந்தது மூன்றாவது சனிக்கிழமையில்தான். அதற்கு முன்னால் அவள் வெறும் 'கம்பெனி மேடம்'. வீட்டில் அவள் புருஷன் வைத்த பெயர் வேறு: பூதக்கண்ணாடி.

அந்தப் பெயரை அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாலும் உள்ளே அது உறுத்தாமல் இல்லை. லிஃப்டுகளை இயக்கும் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரு மனுஷன் தன் ஆயுசில் அழுத்தாத வரிசையில் எல்லாம் பொத்தான்களை அழுத்தி, லிஃப்ட் எங்கே குழம்புகிறது என்று கண்டுபிடிப்பாள். பதினெட்டு வருஷமாக அதையே செய்ததில், புதுப் புடவையைப் பிரித்தால் முதலில் கறைதான் கண்ணில் பட்டது. அவள் மகள் வரைந்த படங்களைக் காட்டுவதை ஏழு வயதிலேயே நிறுத்திவிட்டாள். "யானைக்கு நகம் காணோம்னு அம்மா சொல்லுவா" என்று அப்பாவிடம் மட்டும் காட்டுவாள். ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தனக்குத் தகுதி இருக்கிறதா என்ற கேள்வி அவளுக்குள் கிடந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

அதனால்தான், பள்ளியில் பின்தங்கிய மாணவர்களுக்குக் கம்பெனி ஊழியர்கள் சனிக்கிழமை தோறும் வழிகாட்ட வேண்டும் என்று பணியாளர் பிரிவிலிருந்து அறிவிப்பு வந்தபோது அவள் பெயர் கொடுக்கவில்லை. பெயரை அவர்களே எழுதிக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு மாணவர், பத்து வாரம், வாரம் ஒரு படிவம். முன்னேற்றம் என்ற கட்டத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும்.

அவளுக்கு வாய்த்த பெண் ஐந்தாம் மாடிப் பயிற்சி அறையில், சுழல் நாற்காலியின் நுனியில், எந்த நிமிஷமும் எழுந்து போகத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"பேர் என்னம்மா?"

"ஸ்கூல்ல பதினொண்ணுன்னு கூப்பிடுவாங்க. நீங்களும் கூப்பிடலாம், எனக்கொண்ணும் இல்ல."

"ஏன் பதினொண்ணு?"

"கணக்குல அதுதான் வாங்கினேன். நூத்துக்கு."

மற்ற பாடங்களில் எப்படியோ கரையேறிவிடுவாள். கணக்குதான் காலை வாரியது. இன்னும் பத்து வாரத்தில் பள்ளி ஒரு தேர்வு வைக்கும். அதில் நாற்பது எடுத்தால்தான் பொதுத்தேர்வுக்குப் போகும் பட்டியலில் பெயர் இருக்கும். இல்லையென்றால் இல்லை. தேர்ச்சி விகிதம் குறையக் கூடாது என்பது பள்ளியின் கவலை.

"பேர் விட்டுப்போச்சுன்னா?"

"மாமா பேக்கிங் கம்பெனியில சொல்லி வச்சிருக்கார். அட்டைப்பெட்டி ஒட்டணும்." நாற்காலியை அரைச் சுற்று சுற்றினாள். "உக்காந்துக்கிட்டே பண்ற வேலைதானாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும், ஆறுதலாக. அதை அவள் அப்படியே திருப்பிச் சொன்னாள்.

முதல் இரண்டு சனிக்கிழமையும் வீண். பக்கத்து மேசைகளில் எல்லோரும் செய்வதையே இவளும் செய்தாள். புத்தகத்தைத் திறந்து, முதல் கணக்கிலிருந்து, சரியான வழியைச் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பெண் பொறுமையாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை இவள் அறிவாள். அலுவலகக் கூட்டங்களில் இவளே ஆட்டுவது அது. படிவத்தில் இரண்டு வாரமும் சிவப்பு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பதினொரு மார்க் விடைத்தாளின் நகலைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டாள். அவள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கோளாறைத் திருத்தும் முன் அதைத் தானே வரவழைத்துக் காட்ட வேண்டும். லிஃப்ட் தப்பான மாடியில் நின்றதென்றால், அதே தப்பான மாடியில் அதை மறுபடி நிற்க வைக்கத் தெரிய வேண்டும். அது தெரியாதவரை கோளாறு என்னவென்று யாருக்கும் தெரியாது.

புருஷன் எட்டிப் பார்த்தான். "என்ன பண்ற?"

"இந்தப் பொண்ணுக்கு வந்த விடை எனக்கு வர மாட்டேங்குது."

"அதான் தப்பு விடையாச்சே."

"அதான் வேணும்."

"ஊர்ல எல்லாரும் சரியான விடையைத் தேடுவாங்க. நமக்குன்னு வாய்ச்சது பாரு" என்று தன் அதிர்ஷ்டத்தை நொந்துகொண்டே போய்ப் படுத்தான்.

நான்காவது கணக்கில் பிடிபட்டது. மைனஸ் மூன்று, மைனஸ் நான்கு. அந்தப் பெண் எழுதியிருந்தது பிளஸ் ஏழு. அடுத்த கணக்குக்குத் தாவினாள், அங்கும் அதே. இயற்கணிதத்தில், வரைபடத்தில், வாக்கியக் கணக்கில், எங்கெல்லாம் இரண்டு மைனஸ் பக்கத்தில் பக்கத்தில் வந்ததோ அங்கெல்லாம் கூட்டி, பிளஸ் போட்டிருந்தாள். அந்தத் தப்பை இவளும் செய்துகொண்டே போனாள். விடைகள் ஒவ்வொன்றாக, பூட்டில் சாவி திரும்புவது போல், அந்தப் பெண்ணின் விடைகளோடு பொருந்தின. எண்ணிப் பார்த்தாள். பதினேழு.

மனசு குதித்தது. ஒரு முறைகூடத் தவறாமல் பதினேழு தடவையும் ஒரே விதியைக் கடைப்பிடித்தவளை மக்கு என்று சொல்ல முடியாது. கொஞ்சமும் பிசகாத இந்த ஒழுங்கு தன் பிரிவில் பாதிப் பேருக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "வா, கீழ போலாம்" என்று லிஃப்டுக்குக் கூட்டிப் போனாள். அந்தக் கட்டடத்தில் தரைக்குக் கீழே மூன்று தளம், எல்லாம் கார் நிறுத்துமிடம். பொத்தான்களில் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு, மைனஸ் மூன்று என்று போட்டிருக்கும். மைனஸ் ஒன்றில் லிஃப்ட் நின்றதும் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இப்ப மைனஸ் ஒண்ணுல நிக்கிறோம். இன்னும் ரெண்டு மாடி கீழ போகப்போறோம். மைனஸ் ஒண்ணு, மைனஸ் ரெண்டு. உன் கணக்குப்படி எங்க போய் நிப்போம்?"

"பிளஸ் மூணு." பட்டென்று வந்தது பதில். "மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்."

"சரி. மூணாவது மாடியில என்ன இருக்கு?"

"கேன்டீன். வரும்போது பாத்தேன்."

"அப்ப கேன்டீனுக்குப் போறோம்" என்று இரண்டு தளம் கீழே இருந்த பொத்தானை அழுத்தினாள்.

கதவு திறந்தது. மங்கலான விளக்கு, எண்ணெய் வாடை, தூசி படிந்த கார்கள். காவலாளி ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் வெளியே ஒரு காலை வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். "கேன்டீன் எங்க?"

"நீதான் சொல்லணும்."

திரும்பி லிஃப்டின் பொத்தான்களைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் ஏதோ அவிழ்ந்தது. "கீழ போய் இன்னும் கீழ போனா எப்படி மேல வரும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். தூங்கிய காவலாளி திடுக்கிட்டு எழுந்து, அதிகாரி வந்துவிட்டார் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தி சல்யூட் அடித்தார்.

ஆறாம் வகுப்பில் அம்மை வந்து இரண்டு வாரம் பள்ளிக்குப் போகவில்லையாம். திரும்பி வந்தபோது தோழி நாலே வார்த்தையில் பாடத்தைச் சொல்லி முடித்திருக்கிறாள். அது பெருக்கலுக்கான விதி என்பதை அந்தத் தோழி சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. நாலு வருஷம் அந்த நாலு வார்த்தையைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள்.

"நான் மக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"நீ தப்பே பண்ணலம்மா. ஒரு தப்பை ரொம்பச் சரியா பண்ணியிருக்க."

"பதினேழு தடவையா?" விடைத்தாளை வாங்கித் தானும் எண்ணிப் பார்த்தாள். ஏதோ சாதித்தவள் போல, "பதினேழுதான், லிஃப்ட் அக்கா" என்றாள்.

அத்தோடு எல்லாம் சீராகிவிட்டது என்று சொன்னால் பொய். ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் அதற்கு அடியில் இருந்த முடிச்சுகள் வெளியே தெரிந்தன. பின்னங்களில் தடுமாறினாள். வடிவியல் தேற்றங்களைக் கண்டாலே கொட்டாவி விட்டாள். ஏழாவது வாரம் ஒரு கணக்கு வரவில்லை என்று நோட்டைத் தூக்கி எறிந்து, அது பக்கத்து மேசை மேலாளரின் தலையில் விழுந்தது. ஆனால் தப்பு வந்தால் இப்போது அவள் தலையைக் குனியவில்லை. "இருங்கக்கா, இது எங்கிருந்து வருதுன்னு பாக்கறேன்" என்று வந்த வழியே திரும்பி நடப்பாள். விடை வந்ததும் அதைக் கேள்விக்குள்ளேயே போட்டுப் பார்ப்பாள். படிவம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்தது. பச்சை போட லிஃப்ட் அக்காவுக்குக் கை வரவில்லை. கண் பட்டுவிடுமோ என்று பயம்.

தேர்வு முடிந்து, விடைத்தாள் கொடுக்கும் நாளன்று முடிவுப் படிவத்தில் கையெழுத்து வாங்கப் பள்ளிக்குப் போனாள். அன்று நாலு மணிக்குப் பட்டியல் போய்விடும். ஆசிரியர் அறைக்கு வெளியே வராந்தாவில் இருந்த மர பெஞ்சில் அந்தப் பெண் விடைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேலே சிவப்பு மையில் முப்பத்தேழு.

நாற்பதுக்கு மூன்று குறைவு என்பதுதான் லிஃப்ட் அக்காவுக்கு முதலில் பட்டது. வாயிலிருந்து வந்ததென்னவோ வேறு. "பதினொண்ணுலேருந்து முப்பத்தேழும்மா. இது சின்ன விஷயமா? யாரால முடியும்?" தாளைப் புரட்டி, சரியாக வந்தவற்றை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். "இது பாரு, எவ்வளவு அழகா வந்திருக்கு. இது பாரு." தான் இப்படிப் பேசுவதை அவளே வியப்போடு கேட்டுக்கொண்டிருந்தாள். மகளின் யானையைப் பார்த்து ஒரு நாளும் இப்படிப் பேசியதில்லை.

"அக்கா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் அந்தப் பெண். "பதினாலாவது கணக்கைப் பாத்துட்டிருக்கேன்."

செவ்வகத்தின் நீளம் அகலத்தைவிட மூன்று அதிகம், பரப்பளவு கொடுக்கப்பட்டிருக்கிறது, பக்கங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அகலம் மூன்று, நீளம் ஆறு என்று எழுதியிருந்தாள். குறுக்கே சிவப்புக் கோடு, ஐந்து மார்க் போயிற்று.

"எங்க தப்புன்னு தெரியல. போட்டுப் பாத்துட்டேன். மூவாறு பதினெட்டு. சரியாத்தான் வருது." கேள்வித்தாளை நீட்டினாள். பரப்பளவு இருக்க வேண்டிய இடத்தில் அச்சு மை அப்பியிருந்தது, அதன் மேல் பேனாவால் பதினெட்டு. "நம்பர் தெரியலன்னு சொன்னோம். ரூம்ல இருந்த விளையாட்டு சார் பக்கத்து ரூம்ல கேட்டுட்டு வந்து பதினெட்டுன்னார். எங்க ரூம்ல இந்தக் கணக்கைப் போட்டது மூணே பேர். மூணு பேருக்கும் இதே விடை, மூணு பேருக்கும் அடிச்சிருக்காங்க."

லிஃப்ட் அக்காவின் முதுகு நேரானது. பதினெட்டு வருஷப் பழக்கம் உள்ளேயிருந்து எழுந்தது. தான் கவனிக்காமல் விட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. ஆறுதல் சொல்லும் அவசரத்தில் கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள். "வா, நான் வந்து பேசறேன்."

"வேணாம். நீங்க பேசினா கம்பெனி பேசின மாதிரி ஆயிடும். அப்புறம் பாவம் பாத்துப் போட்டாங்கன்னு சொல்லுவாங்க." எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "நான் பாத்துக்கறேன்."

ஒரு குறையைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடி உட்காருவது லிஃப்ட் அக்காவின் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பேசுவது ஒவ்வொன்றும் காதில் விழுந்தது.

"மார்க் போதலன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்றார் கணக்கு டீச்சர், நிமிராமல். குரலில் கோபமில்லை, அறுபது தாள் திருத்திய அலுப்புதான்.

"மார்க் கேக்கல மிஸ். ஒரே தப்பை மூணு பேர் தனித்தனியா உக்காந்து பண்ணியிருக்கோம். அப்படி வராது மிஸ். தப்பு எங்ககிட்ட இல்ல, வேற எங்கயோ இருக்கு."

டீச்சர் நிமிர்ந்தார். தாள்களைக் கேட்டு வாங்கினார். விடைக்குறிப்பை எடுத்தார். "அகலம் நாலு, நீளம் ஏழு. பரப்பளவு இருபத்தெட்டும்மா. நீ ஏன் பதினெட்டுன்னு எடுத்துக்கிட்ட?"

"சார் சொன்னாங்க மிஸ்."

மூலையில் உட்கார்ந்து பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த விளையாட்டு வாத்தியாரின் கை நின்றது.

"நானா?"

"நீங்கதான் சார். கதவுகிட்ட நின்னு, ரெண்டு தடவை சொன்னீங்க."

"பக்கத்து ரூம் கதவுல நின்னு கேட்டேன். ஒரே சத்தம். எட்டுன்னு முடிஞ்சுது. பதினெட்டுன்னுதான் காதுல விழுந்துச்சு." அவர் கொஞ்சம் யோசித்தார். "இருபத்தெட்டா அது?"

"ஆமா சார், இருபத்தெட்டு" என்றார் டீச்சர். பிறகு அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டார். "விசில் ஊதி ஊதி உங்களுக்குக் காதே போச்சு."

"பதினெட்டுக்கும் விடை ஒழுங்காத்தானே வருது, அதைச் சொல்லுங்க" என்றார் வாத்தியார், ஏதோ தானே கணக்கை அமைத்தவர் போல.

டீச்சர் அந்தப் பெண்ணின் வழியை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். இந்தத் தடவை விரல் வைத்துப் படித்தார். கடைசி வரியில், விடையைக் கேள்விக்குள் போட்டுச் சரிபார்த்த இடத்தில், விரல் கொஞ்ச நேரம் நின்றது. "இதை யாரும் உன்னைப் போடச் சொல்லலியே" என்றார். முப்பத்தேழை அடித்தார். நாற்பத்திரண்டு என்று எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டார். "மத்த ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா. நேரமில்ல, ஓடு."

அந்தப் பெண் வெளியே வந்தவள் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. வராந்தாவின் அந்தக் கோடி வரை ஓடினாள். திரும்பி வரும்போது அவளோடு இரண்டு பேர் மூச்சிரைக்க வந்தார்கள். ஒரு பையன் என்ன ஏது என்று புரியாமல் "எதுக்குடி கூப்பிடறாங்க, நான் ஒண்ணும் பண்ணலியே" என்று புலம்பிக்கொண்டே வந்தான்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மூன்று பேருடைய பெயரும் புது மார்க்கும் அலுவலக அறைக்குப் போய்விட்டன. லிஃப்ட் அக்கா கதவருகே நின்றாள். படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. குமாஸ்தா கணினியில் ஒற்றை விரலால் தட்டி முடித்து, பட்டியலை அச்செடுத்து மேசையில் வைத்தார். அந்தப் பெண் அவர் பக்கத்தில் போய் நின்றாள். தன் பெயர் இருக்கும் வரியை மெதுவாகப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"சார், இனிஷியல் தப்பா இருக்கு."

"பேர் வந்துச்சா இல்லையா? அதுவே பெரிசுன்னு போவியா."

"என் பேர்தான் சார். சரியா இருக்கட்டும்."

அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், முணுமுணுத்தார், திருத்தினார். "இத்தனை நாள் எந்த மூலையில இருந்த நீ?" என்றார்.

"கீழ சார்" என்றாள் அவள். பின்னால் நின்ற இரண்டு பேரையும் முன்னால் இழுத்துவிட்டாள். "நீங்களும் உங்க பேரைப் பாத்துடுங்கடா, அப்புறம் அழக்கூடாது."

அச்சு இயந்திரம் இன்னொரு தாளை இழுத்தது.